மேட்பிளாட்லிப்பில் படம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, படம் வரைகிற வரியில் பிறப்பதில்லை. எந்தப் பைத்தான் ஓடுகிறது, எந்தப் பின்தளம் (படத்தை ஜன்னலிலோ கோப்பிலோ தரும் பகுதி) படத்தைக் காட்டுகிறது, இந்த நொடியில் பைப்ளாட் (வரையும் கட்டளைகள் இருக்கும் பகுதி) எந்தப் படத்தைக் கையில் வைத்திருக்கிறது, எழுத்தை எந்த எழுத்துரு வரைகிறது என்ற நான்கில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். வரைகிற வரியை மாற்றி மாற்றிப் பார்த்து மணிக்கணக்கில் மெனக்கெடுவதைவிட, இந்த நான்கையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். கட்டளைப் பெயரின் நடுவே இடைவெளி தெரிந்தால், நிரலில் அங்கே அடிக்கோடு இட வேண்டும். பிஎல்டி என்பது மேட்பிளாட்லிப்.பைப்ளாட்டுக்கு எல்லோரும் வைக்கும் சுருக்கப் பெயர்.

எந்த அறிகுறியானாலும் முதலில் நான்கு மதிப்புகளை அச்சிட்டுப் பாருங்கள்: சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் (ஓடும் பைத்தானின் பாதை), மேட்பிளாட்லிப்பின் பதிப்பு எண், மேட்பிளாட்லிப்பின் ஃபைல் பண்பு (பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு), கெட் பேக்எண்ட் (நடுவே அடிக்கோடு). இணையத்தில் யாரிடமாவது உதவி கேட்பதானாலும் இந்த நான்கையும் சேர்த்தே கேளுங்கள். இவை இல்லாமல் பதில் சொல்பவர்கள் ஊகத்தில்தான் சொல்ல முடியும்.

நிறுவியாயிற்று, ஆனாலும் "மாட்யூல் இல்லை" என்கிறது

கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருக்கும். பிப் (நூலகங்களை நிறுவும் கருவி) ஒன்றுக்குள் நிறுவியிருக்கும், நிரலை இன்னொன்று ஓட்டும். சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் காட்டும் பாதையைப் பாருங்கள். அதே பைத்தானை அழைத்து "-எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்" என்று கொடுங்கள். வெறும் பிப் என்று தட்டுவதை அடியோடு விட்டுவிட்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது. ஜூபிட்டர் நோட்புக்கில், நிரல் எழுதும் கட்டமான செல்லுக்குள்ளேயே சதவீதக் குறி போட்டு %பிப் என்று எழுதுங்கள். அது கெர்னல் (நோட்புக்கின் நிரலைப் பின்னணியில் ஓட்டுவது) எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதற்குள் நிறுவும். ஆச்சரியக்குறி போட்டு எழுதினால் அந்த உறுதி இல்லை.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று பிப் மறுக்கும். கணினியின் சொந்தப் பைத்தானைக் காப்பதற்காக வைத்த தடை அது. அதை மீறும் கொடியைத் தேடாமல் வெர்ச்சுவல் சூழல் (தனக்கென்று நூலகங்கள் கொண்ட தனி அடைவு) ஒன்று உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

இம்போர்ட் வரியிலேயே விழுகிறது

மேட்பிளாட்லிப்பின் ஃபைல் பண்பு உங்கள் வேலை அடைவையே காட்டினால், அங்கே மேட்பிளாட்லிப்.பிஒய் என்ற பெயரில் நீங்களே ஒரு கோப்பு வைத்திருக்கிறீர்கள். பைத்தான் முதலில் நிரல் இருக்கும் அடைவைத்தான் பார்க்கும் என்பதால் உங்கள் கோப்பையே நூலகம் என்று எடுத்துக்கொள்கிறது. "பாதி மட்டுமே தொடங்கிய மாட்யூல்" என்ற பிழைச்செய்தி இதற்கு நல்ல அடையாளம். ரேண்டம், நம்ப்பை, காலண்டர் போன்ற நூலகப் பெயர்களில் கோப்பு வைத்தாலும் இதே கதிதான். பெயரை மாற்றுங்கள், பக்கத்தில் இருக்கும் பைகேஷ் அடைவையும் அழித்துவிடுங்கள்.

"நம்ப்பை 1-க்குக் கட்டப்பட்ட மாட்யூல் நம்ப்பை 2-இல் ஓடாது" என்று வந்தால் காரணம் வேறு. நம்ப்பை, மேட்பிளாட்லிப் நம்பியிருக்கும் எண் கணக்கு நூலகம். 2024 ஜூனில் வெளியான நம்ப்பை 2.0, சி மொழியில் கட்டிய நூலகங்களோடு பேசும் உள்முகத்தை மாற்றியது. பழைய மேட்பிளாட்லிப் இருக்க, வேறு ஏதோ ஒரு நூலகம் நம்ப்பையை மட்டும் உயர்த்திவிட்டிருக்கும். மேட்பிளாட்லிப்பை 3.9 அல்லது அதற்கு மேல் கொண்டுபோனால் தீரும். மற்ற நூலகங்கள் இடம்கொடுக்காவிட்டால் நம்ப்பையை 2-க்குக் கீழ் நிறுத்துங்கள்.

பிழை எதுவும் இல்லை, ஜன்னலும் திறக்கவில்லை

ஸ்கிரிப்ட்டின் கடைசியில் பிஎல்டி.ஷோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் நிரல் படத்தை நினைவகத்தில் வரைந்துவிட்டு அமைதியாக முடிந்துவிடும். ஜன்னல் மின்னலாய்த் தோன்றி மறைந்தால், எங்கோ பிஎல்டி.அயான் என்ற ஊடாட்ட முறையை இயக்கியிருப்பீர்கள். ஷோவுக்குள் பிளாக்=ட்ரூ என்று கொடுத்தால் ஜன்னல் நிற்கும்.

ஷோ இருந்தும் "ஃபிகர்கேன்வாஸ்ஆக் ஊடாட்டம் இல்லாதது, காட்ட முடியாது" என்று எச்சரிக்கை வந்தால் பின்தளம்தான் காரணம். ஆக் என்பது புள்ளிகளாகப் படம் வரைந்து கோப்பில் எழுதத் தெரிந்த பின்தளம். அதற்கு ஜன்னல் திறக்கத் தெரியாது. ஜன்னல் திறக்கும் நூலகம் எதுவும் கிடைக்காதபோது மேட்பிளாட்லிப் தானாகவே ஆக்குக்கு இறங்கிவிடுகிறது.

உபுண்டுவில் ஏப்ட் வழியாக பைத்தான்3-டிகே பொதியை நிறுவினால் பெரும்பாலும் போதும். அந்தப் பொதி தரும் ஜன்னல் நூலகமான டிகின்டரை பிப் வழியே நிறுவ முடியாது. அது பைத்தானோடு சேர்ந்து வர வேண்டிய பகுதி. விண்டோஸில் பைத்தானின் நிறுவியை மறுபடி ஓட்டி, மாற்று என்பதில் டிசிஎல்/டிகே என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு ஜன்னல் நூலகமான பைக்யூடி6-ஐ வெர்ச்சுவல் சூழலுக்குள் பிப் வழியே நிறுவிவிடலாம். அதற்குக் கணினியின் அனுமதி தேவையில்லை.

பைக்யூடி நிறுவியபின் "எக்ஸ்சிபி பிளகினை ஏற்ற முடியவில்லை" என்று நின்றால், அதே சூழலில் ஓப்பன்சிவி (படங்களை ஆராயும் நூலகம்) இருக்கிறதா பாருங்கள். லினக்ஸுக்கான ஓப்பன்சிவி தனக்கென்று ஒரு க்யூடியைச் சுமந்து வருகிறது. இரண்டு க்யூடிகளின் பிளகின் பாதைகள் மோதிக்கொள்கின்றன. அந்த ஓப்பன்சிவியை நீக்கிவிட்டு ஜன்னல் இல்லாத ஹெட்லெஸ் வகையைப் போடுங்கள். ஓப்பன்சிவியின் ஜன்னல் உங்களுக்கு வேண்டாம் என்றால் இதில் இழப்பு எதுவும் இல்லை.

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்த சர்வரில் திரையே கிடையாது. அங்கே ஜன்னலுக்காகப் போராடாதீர்கள். எம்பிஎல்பேக்எண்ட் என்ற சூழல் மாறியில் ஆக் என்று வைத்து, படத்தைக் கோப்பில் சேமித்து இறக்கிப் பாருங்கள்.

சேமித்த கோப்பு வெள்ளைத்தாளாக இருக்கிறது

கோப்பின் அளவைப் பாருங்கள். நீங்கள் பெரிய படம் கேட்டிருந்தும் 640 × 480 புள்ளியில் ஒரு வெள்ளைப் படம் வந்திருந்தால் ஐயமே வேண்டாம். மேட்பிளாட்லிப்பின் இயல்பு அளவு 6.4 × 4.8 அங்குலம், அங்குலத்துக்கு 100 புள்ளி. அதாவது நீங்கள் வரைந்த படம் சேமிக்கப்படவில்லை, அந்த நொடியில் புதிதாகப் பிறந்த வெற்றுப் படம் சேமிக்கப்பட்டிருக்கிறது.

நடந்தது இது: பிஎல்டி.ஷோ ஜன்னலைத் திறந்து, நீங்கள் மூடும்வரை காத்திருக்கிறது. மூடியதும் பைப்ளாட் தன் பதிவேட்டிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிடுகிறது. அடுத்த வரியில் பிஎல்டி.சேவ்ஃபிக் "இப்போதைய படம் எது?" என்று கேட்கிறது. எதுவும் இல்லாததால் புதிதாக ஒன்றை உருவாக்கி அதைச் சேமிக்கிறது. ஜூபிட்டரில் ஒவ்வொரு செல்லும் முடியும்போது படம் மூடப்படுவதால், அடுத்த செல்லில் சேமித்தாலும் இதேதான் நடக்கும்.

சேவ்ஃபிக்கை ஷோவுக்கு முன்னால் நகர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் அது பாதி மருந்துதான். முழு மருந்து, பிஎல்டி.சப்ப்ளாட்ஸ் தருகிற ஃபிக் (முழுப் படம்), ஏஎக்ஸ் (அதற்குள் வரையும் அச்சு) இரண்டையும் பெயர் வைத்துப் பிடித்துக்கொள்வது. வரைவதெல்லாம் ஏஎக்ஸ்.ப்ளாட், சேமிப்பது ஃபிக்.சேவ்ஃபிக். அப்போது "இப்போதைய படம் எது" என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தச் செல்லில் சேமித்தாலும் அதே படம்தான் வரும்.

இதே வேரிலிருந்து கிளைக்கும் இன்னும் சில அறிகுறிகள்:

பிஎல்டி.ஃபிகரில் அளவு கொடுத்துவிட்டு பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தின் டேட்டாஃப்ரேமில் (அட்டவணை) ப்ளாட்டை அழைத்தால் இரண்டு படம் வரும், ஒன்று காலி. டேட்டாஃப்ரேம்.ப்ளாட் தனக்கென்று புதுப் படம் உருவாக்கிக்கொள்கிறது. சீரிஸ் (ஒற்றை நெடுவரிசை).ப்ளாட்டோ இருக்கிற அச்சிலேயே வரைகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைக்கத் தேவையில்லை, இரண்டிலும் ஏஎக்ஸ்=ஏஎக்ஸ் என்று கொடுத்துவிடுங்கள்.

சுற்றுக்குள் நூறு படம் சேமிக்கும் நிரலில் மூன்றாவது படத்தில் முதலிரண்டின் கோடுகளும் சேர்ந்து தெரிந்தால், எல்லாமே ஒரே அச்சில் விழுகின்றன. சுற்று ஒவ்வொன்றிலும் சப்ப்ளாட்ஸை அழைத்துப் புதிதாகத் தொடங்குங்கள், முடிவில் பிஎல்டி.க்ளோஸுக்குள் ஃபிக் கொடுத்து மூடுங்கள். மூட மறந்தால் 20 படங்களைத் தாண்டியதும் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை அமைப்பில் அணைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அணைக்காதீர்கள். நினைவகம் நிரம்புவது நிற்காது, சொல்லும் வாய் மட்டும் அடைபடும்.

சப்ப்ளாட்ஸில் 2, 2 என்று கேட்டுவிட்டு ஏஎக்ஸ்.ப்ளாட் என்று எழுதினால் "என்டிஅரேக்கு ப்ளாட் கிடையாது" என்று வரும். திரும்பி வருவது நான்கு அச்சுகள் கொண்ட அணி. சதுர அடைப்பில் 0, 1 என்று எந்த அச்சு என்பதைச் சொல்ல வேண்டும்.

"ஸ்ட்ரிங்கைக் கூப்பிட முடியாது" என்கிறது

பிஎல்டி.டைட்டில் என்ற கட்டளைக்குள் அடைப்பில் தலைப்பைக் கொடுப்பதற்குப் பதில் சமக்குறி போட்டு எழுதியிருப்பீர்கள். அந்த வரி பிழை தராது, கட்டளையையே அழித்து அங்கே ஒரு சொல்லை வைத்துவிடும். அடுத்த முறை சரியாக எழுதினாலும் விழும். நோட்புக்கில் வரியைத் திருத்திவிட்டுத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் போகவில்லை என்று பலர் திகைப்பது இங்கேதான். கெர்னலை மறுதொடக்கம் செய்தால்தான் போகும். எக்ஸ்லேபல், ஒய்லேபல் இரண்டிலும் இதே தவறு நடக்கும்.

அச்சில் எண்கள் வரிசை மாறி நிற்கின்றன, தேதிகள் கரிப்பட்டையாகக் குவிந்திருக்கின்றன

நிற்கும் அச்சில் கீழிருந்து 900, 1250, 870 என்று தாறுமாறாக ஏறினால், மேட்பிளாட்லிப் அவற்றை எண்களாகவே பார்க்கவில்லை. சொற்களாகப் பார்த்து, வந்த வரிசையில் அடுக்குகிறது. 365 நாள் தேதிகள் சொற்களாக வந்தால் 365 குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுப்புப் பட்டையாகிவிடும். மேட்பிளாட்லிப் இதைச் சொல்லாமல் இல்லை, தகவல் நிலையில் மெதுவாகச் சொல்கிறது. பிஎல்டி.செட் லாக்லெவல் (செட்டுக்குப் பின் அடிக்கோடு) என்பதில் இன்ஃபோ என்று வைத்தால் அந்தச் செய்தி கண்ணில் படும்.

டேட்டாஃப்ரேமின் டிடைப்ஸை, அதாவது ஒவ்வொரு நெடுவரிசையின் தரவு வகையைப் பாருங்கள். எண் இருக்க வேண்டிய நெடுவரிசையில் ஆப்ஜெக்ட் அல்லது ஸ்ட்ரிங் என்று இருந்தால், உள்ளே எங்கோ ஒரு காற்புள்ளி, ரூபாய்க் குறி, அல்லது "இல்லை" என்பதற்கு இட்ட ஒரு சிறு கோடு இருக்கிறது. ஒரே ஒரு கட்டத்தில் இருந்தாலும் நெடுவரிசை முழுவதும் சொல்லாகிவிடும். "1,25,000" போன்ற நம்மூர் எழுத்துமுறைக்கு, ரீட் சிஎஸ்வியில் தவுசண்ட்ஸ் என்பதற்குக் காற்புள்ளியைக் கொடுங்கள். லட்சக் கணக்கில் இடம் மாறி வரும் காற்புள்ளிகளையும் அது நீக்கிவிடும்.

டூ நியூமெரிக்கில் எர்ரர்ஸ்=கோயர்ஸ் என்று கொடுப்பது எளிது, ஆனால் கவனம் வேண்டும். எண்ணாக மாறாத ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் வெற்று மதிப்பாகிவிடும், கோடு அங்கங்கே அறுந்து நிற்கும். மாற்றியவுடன் இஸ்னா, சம் இரண்டையும் சேர்த்து எத்தனை வெற்றானது என்று எண்ணுங்கள். பத்தாயிரத்தில் மூன்று என்றால் ஒப்புக்கொள்ளலாம். நாலாயிரம் என்றால் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம்.

தேதியில் ஊகத்துக்கு இடம் வைக்காதீர்கள். 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3, பாண்டாஸுக்கு இயல்பாக மார்ச் 4. டூ டேட்டைமில் ஃபார்மட் என்பதற்கு நாள், மாதம், ஆண்டு வரிசையை வெளிப்படையாக எழுதுங்கள்: சதவீதக் குறியோடு சிறிய டி, சிறிய எம், பெரிய ஒய். பிழையே வராமல் தவறான படம் வருவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான கோளாறு.

பெரிய எண்கள் வரும்போது அச்சின் மூலையில் 1-ஈ-6 என்று ஒரு துணுக்கு ஒட்டிக்கொள்ளும். டிக்லேபல் ஃபார்மட்டில் ஸ்டைல்=ப்ளெய்ன் என்று கொடுத்தால் முழு எண் வரும். லட்சத்தில் காட்ட விரும்பினால், மதிப்பை 1,00,000-ஆல் வகுத்துத் தரும் ஒரு சிறு ஃபங்ஷனை எழுதி ஃபங்க்ஃபார்மேட்டரிடம் கொடுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

அச்சுப் பெயர் ஓரத்தில் வெட்டுப்பட்டால் சப்ப்ளாட்ஸில் லேஅவுட்=கன்ஸ்ட்ரெயின்ட் கொடுங்கள். சேமிக்கும்போது மட்டும் வெட்டினால் பிபாக்ஸ் இஞ்சஸ்=டைட் போதும், ஆனால் அது கோப்பின் அளவை மாற்றிவிடும். இதழுக்கோ ஆய்வேட்டுக்கோ சரியான அகலம் கேட்டிருந்தால் முதல் வழியே சரி.

லெஜண்ட் (எந்தக் கோடு எது என்று சொல்லும் பெட்டி) காலியாக வந்தால், லேபல் கொடுக்கவில்லை, அல்லது ப்ளாட்டுக்கு முன்பே லெஜண்டை அழைத்திருக்கிறீர்கள், அல்லது லேபல் அடிக்கோட்டில் தொடங்குகிறது. அடிக்கோட்டில் தொடங்கும் லேபல்களை மேட்பிளாட்லிப் வேண்டுமென்றே விட்டுவிடும்.

இம்ஷோவில் படம் தலைகீழாக இருந்தால் ஆரிஜின்=லோயர். அசைவுப்படம் அசையாமல் நின்றால், ஃபங்க்அனிமேஷன் தருவதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். வைக்காவிட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று அள்ளிவிடும்.

பழைய பாடத்தில் இருந்த "சீபார்ன்-ஒயிட்க்ரிட்" பாணி கிடைக்கவில்லை என்றால், அந்தப் பெயர்கள் 3.8-இல் நீக்கப்பட்டுவிட்டன. சீபார்னுக்குப் பின் கோடு, வி0, அடிக்கோடு, 8 என்று சேர்த்து எழுத வேண்டும்.

தமிழ் எழுத்து கட்டமாக வருகிறது, அல்லது கொம்பு இடம் மாறி நிற்கிறது

இது இரண்டு தனித்தனிப் பிழை. ஒன்றைத் தீர்த்ததும் மற்றது தலைகாட்டும், அதனால்தான் பலர் பாதியில் கைவிடுகிறார்கள்.

தலைப்பில் "மதுரை" என்று எழுதிப் பாருங்கள். ஐந்து கட்டங்கள் வரும், டெர்மினலில் ஐந்து எச்சரிக்கைகள் வரும்: கிளிஃப் (எழுத்தின் வடிவம்) 2990, 2980, 3009, 2992, 3016 இல்லை என்று. அவை முறையே ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி ஆகியவற்றின் யூனிகோடு எண்கள். 2017-இல் வந்த 2.0 பதிப்பு முதல் மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துரு டெஜாவு சான்ஸ். அதில் தமிழ் இல்லை.

உபுண்டுவிலோ கூகுள் கோலாபிலோ ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பொதியை நிறுவுங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ் இறக்கினால், ஜிப்புக்குள் ஸ்டாட்டிக் என்ற அடைவில் இருக்கும் ரெகுலர் கோப்பை எடுங்கள். வெளியே இருக்கும் மாறும் எடை கொண்ட கோப்பின் தடிமனை மேட்பிளாட்லிப்பால் மாற்ற முடியாது, போல்ட் கேட்டாலும் வராது.

பிறகு மேட்பிளாட்லிப்பின் அமைப்புகள் இருக்கும் ஆர்சிபாரம்ஸில் ஃபான்ட்.ஃபேமிலிக்கு இரண்டு பெயர் கொண்ட பட்டியல் கொடுங்கள்: முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து டெஜாவு சான்ஸ். 3.6 முதல், முதல் எழுத்துருவில் இல்லாததை அடுத்ததில் தேடும். இரண்டாவது பெயரை விட்டுவிட்டால் கழித்தல் குறி போன்ற குறிகள் கட்டமாகிவிடக்கூடும். கிளிஃப் 8722 என்று வருவது அதுதான்.

எழுத்துரு நிறுவியும் "ஃபைன்ட்ஃபான்ட்: கிடைக்கவில்லை" என்றால் பழைய பட்டியலைத்தான் அது பார்க்கிறது. கெட் கேஷ்டிர் காட்டும் அடைவில் ஃபான்ட்லிஸ்ட் என்று தொடங்கும் ஜேசான் கோப்பை அழித்துவிட்டுக் கெர்னலை மறுதொடக்கம் செய்யுங்கள். அழிக்க மனமில்லை என்றால் ஃபான்ட்மேனேஜரின் ஆட்ஃபான்டுக்கு எழுத்துருக் கோப்பின் பாதையைக் கொடுத்தாலும் நடக்கும்.

இப்போது கட்டம் போயிருக்கும். "மதுரை"யை உற்றுப் பாருங்கள். த-வோடு சேர்ந்து "து" ஆக வேண்டிய உகரக் குறி ஒட்டாமல் தனியே நிற்கும். ர-வுக்கு முன் நிற்க வேண்டிய ஐகாரக் குறி ர-வுக்குப் பின்னால் நிற்கும். எழுத்துருவில் பிழை இல்லை. யூனிகோடு எழுத்தைச் சொல்லும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ர, பிறகு ஐ. கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு மாற்றுவதும், த-வையும் உகரத்தையும் "து" என்று இணைப்பதும், புள்ளியை எழுத்தின் தலையில் உட்கார வைப்பதும் எழுத்து வடிவமைப்பு இயந்திரத்தின் வேலை. உலாவியிலும் சொற்செயலியிலும் ஹார்ஃப்பஸ் போன்ற இயந்திரம் அதைச் செய்கிறது. மேட்பிளாட்லிப் 3.10 வரை அந்த இயந்திரம் இல்லை. தமிழை இயல்பாக ஆதரிக்கவில்லை என்று அதன் எச்சரிக்கையிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று வழிகள் உண்டு.

இணையத்தில் போடும் படமானால் எஸ்விஜி சிறந்தது. ஆர்சிபாரம்ஸில் எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்பதற்கு நன் என்ற சொல்லை மேற்கோளுக்குள் கொடுங்கள். எழுத்து கோடுகளாக உடையாமல் எழுத்தாகவே கோப்பில் போகும், உலாவி அதைச் சரியாக வடிவமைக்கும். பார்ப்பவர் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பிடிஎஃப் வேண்டுமென்றால் அதே எஸ்விஜியை இங்க்ஸ்கேப்பில் திறந்து ஏற்றுமதி செய்யுங்கள்.

பிஎன்ஜி நேரடியாக வேண்டுமென்றால் எம்பிஎல்கெய்ரோ என்ற பின்தளம். பிப் வழியே நிறுவி, உபுண்டுவில் எழுத்தை வடிவமைக்கும் ராக்ம் நூலகத்துக்கான லிப்ராக்ம்0 பொதியையும் சேருங்கள். நிரலின் தொடக்கத்தில், பைப்ளாட்டுக்கு முன்பே, மேட்பிளாட்லிப்.யூஸில் "மாட்யூல்://எம்பிஎல்கெய்ரோ.பேஸ்" என்று கொடுங்கள். ராக்ம் கிடைக்காவிட்டால் பழையபடி உடைந்த எழுத்தே வரும். எம்பிஎல்கெய்ரோவின் செட் ஆப்ஷன்ஸில் ராக்ம்=ட்ரூ என்று வைத்துச் சோதியுங்கள்.

ஆய்வேட்டை லாடெக்கில் எழுதுபவர்களுக்குப் பிஜிஎஃப் பின்தளம். அது இயல்பாக ஸீலாடெக்கை அழைக்கும். பிஜிஎஃப்.ஆர்சிஃபான்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கி, முன்னுரையில் ஃபான்ட்ஸ்பெக் வழியாக நோட்டோ சான்ஸ் தமிழை ஸ்கிரிப்ட்=தமிழ் என்ற குறிப்போடு அமையுங்கள். சேமிக்கும்போது பேக்எண்ட்=பிஜிஎஃப். மெதுவாக ஓடும், ஆனால் உடன் இருக்கும் உரையின் எழுத்தும் படத்தின் எழுத்தும் ஒன்றாகவே இருக்கும்.

நான்காவதாக ஒரு குறுக்கு வழி சுற்றிக்கொண்டிருக்கிறது: ஐகாரத்தையும் எகரத்தையும் கையால் எழுத்துக்கு முன்னால் நகர்த்தி எழுதுவது. "மழை"யை அப்படி ஒப்பேற்றிவிடலாம். "மது"வை முடியாது, ஏனென்றால் அங்கே இடம் மாறுவது எதுவும் இல்லை, இரண்டு சேர்ந்து வேறு வடிவம் ஆக வேண்டும். அதோடு உங்கள் தரவில் ஊர்ப்பெயர்கள் நிரந்தரமாகச் சிதைந்துவிடும், அடுத்து அதே பெயரை வைத்துத் தேடினாலும் சேர்த்தாலும் கிடைக்காது. அந்த வழியில் போக வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் படத்தை வெளியே அனுப்பும் முன் "மதுரை", "சென்னை", "கொடைக்கானல்" மூன்றையும் ஒரு சோதனைப் படத்தில் எழுதிப் பாருங்கள். ஒட்டும் உகரம், முன்னே வரும் எகரமும் ஐகாரமும், புள்ளி, இருபுறமும் பிரியும் ஒகரம் எல்லாம் இந்த மூன்றுக்குள் வந்துவிடும்.